முகம் காட்டாத உருவப்படங்கள்

தெருவில் எடுக்கும் உருவப்படத்தில் ஆளின் முகம் இருந்தே ஆக வேண்டுமா என்று படம் எடுக்கப் பழகும் இளையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இருக்க வேண்டியதில்லை என்பதே என் பதில். ஆனால் முகத்தை விட்டுவிடுபவர், அந்த ஆள் இன்னார்தான் என்று காட்டக்கூடிய வேறொன்றைப் படத்துக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும்.

முகம் பாராமலே ஆளை அறிவது எங்கள் ஊருக்குப் பழக்கமானதுதான். மம்மல் பொழுதில் ஒழுங்கைக்குள் திரும்பும் ஒருவரை, அவர் சைக்கிள் மிதிக்கும் விதத்தையும் தோள் சாய்ந்திருக்கும் பக்கத்தையும் வைத்தே இன்னார் வருகிறார் என்று படலையில் நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய கண்ணுக்குப் போதுமானது கமராவுக்கும் போதுமானதாகவே இருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்தில் குருநகர்க் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டபோது, "முகம் வேண்டாம் தம்பி, வேணுமெண்டால் கையை எடும்" என்றார். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டுக் கால் நீட்டி இருந்த அவர், வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, கிழிந்த கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியால் கட்டிக்கொண்டு போனார். அந்த விரலின் இடுக்கில் நைலோன் நூல் காலமெல்லாம் அறுத்து அறுத்துத் தோல் வெளிறித் தடித்துப் போயிருந்தது. ஊசி பிடித்த கையின் சுட்டுவிரல் முழுதாக மடங்கவில்லை; மடங்காத அந்த விரலுக்கு ஏற்றவாறு அவர் முடிச்சுப் போடும் முறையையே மாற்றி வைத்திருந்தார். கையும் காலும் வலையும் மட்டுமே உள்ள அந்தப் படத்தைப் பின்னர் பாசையூர்ப் பக்கத்துக் கடற்றொழிலாளர் ஒருவரிடம் காட்டியபோது, அவர் சற்றும் யோசிக்காமல் ஆளின் பெயரைச் சொன்னார்.

அது எனக்கு மகிழ்ச்சியைத் தந்த அதே வேளையில் ஒரு கேள்வியையும் எழுப்பியது. முகத்தை மறைத்துவிட்டதனாலேயே ஒருவரின் அடையாளமும் மறைந்துவிடுவதில்லை. ஆகவே முகம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், கூச்சத்தினால் சொல்கிறாரா, அல்லது தன்னை எவரும் அறியக் கூடாது என்பதனால் சொல்கிறாரா என்று விசாரிக்க வேண்டியது எடுப்பவரின் கடமையாகிறது. யாழ்ப்பாணத்தில் இந்தத் தயக்கத்துக்கு ஆழமான காரணம் உண்டு. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, முகமூடி போட்டுக்கொண்டு தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டதை அனுபவித்த தலைமுறை இன்னும் எங்களோடுதான் வாழ்கிறது. தன் முகம் அந்நியர் ஒருவரின் கைக்குப் போவதை அவர்கள் விரும்பாததில் வியப்பில்லை.

முகம் இருந்தால் ஆள் முழுமையாக வந்துவிடுகிறார் என்பதும் உண்மையன்று. அமெரிக்கப் படப்பிடிப்பாளர் டொரோத்தியா லாங் 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த 'புலம்பெயர் தாய்' என்ற படத்தை உலகமே அறியும். ஆனால் அந்த முகத்துக்குரிய புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சனின் பெயர் 1978இல்தான் வெளியில் தெரியவந்தது, அப்போது அவர் அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று வருந்தினார். அதே படத்தில் தாயின் இரு தோள்களிலும் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகளைக் கவனியுங்கள். ஒழுங்கின்றி வெட்டப்பட்ட முடியும் மெலிந்த பிடரியும் மட்டுமே தெரிகின்றன. அந்தப் பிள்ளைகளின் களைப்பு எனக்குத் தாயின் முகத்தைவிட அங்கேதான் கூடுதலாகத் தெரிகிறது. மெக்சிகோவில் டீனா மொடோட்டி 1929இல் எடுத்த பொம்மலாட்டக்காரரின் கைகள் இன்னொரு சான்று. வாக்கர் எவன்சோ 1938க்கும் 1941க்கும் இடையில் நியூயோர்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கமராவை மறைத்து வைத்து, பயணிகளுக்குத் தெரியாமலே அவர்களுடைய முகங்களை எடுத்தார். அந்தப் படங்களின் வலிமையை நான் மறுக்கவில்லை, ஆனால் அவ்வழி எங்கள் ஊரில் எனக்குச் சம்மதமானதன்று.

முகத்தைத் தவிர்ப்பதே பிழையாகிவிடும் இடமும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் முதல் இன்றுவரை, தெருவோரத்தில் பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி இருப்பதை நாம் பார்க்கிறோம். ஸ்டூடியோவில் எடுத்த பழைய படமோ அடையாள அட்டைக்காக எடுத்த சிறிய படத்தின் பெருப்பிப்போ, எதுவாயினும் அந்த முகத்தை உலகம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் வெயிலில் இருக்கிறார்கள். அவர்களைப் பின்னாலிருந்து எடுத்து, சேலைத் தலைப்பின் மடிப்பில் அழகு தேடுவது அவர்களின் கோரிக்கையைப் புறக்கணிப்பதாகும். அம்மா சம்மதிக்காவிட்டால் அவருடைய முகத்தை விட்டுவிடலாம். பிள்ளையின் முகமும், உறையிட்ட படத்தின் விளிம்பை அழுத்திப் பிடித்திருக்கும் அவருடைய கட்டைவிரலும் படத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

பண்ணைப் பாலத்தில் அந்திச் சூரியனுக்கு எதிரே கறுத்து நிற்கும் உருவங்களை உருவப்படங்கள் என்று சிலர் பதிவிடுகிறார்கள். அவை கண்ணுக்கு இனிய காட்சிகள்தாம். ஆனால் அங்கே நிற்பவருக்குப் பதிலாக வேறு எவரை நிறுத்தினாலும் படம் மாறப்போவதில்லை. ஆளிடம் பேசத் தயங்கித் தூர நின்று முதுகை எடுப்பதும் அத்தகையதே. முகத்தை விடுவதென்றால் இன்னும் கிட்டப் போக வேண்டும். நான் பெரும்பாலும் தூரத்தில் உள்ளதைப் பெருப்பித்துக் காட்டாத 35 மில்லிமீற்றர் வில்லையையே கொண்டுபோகிறேன். கையின் தழும்பு தெரிய வேண்டுமானால் அதற்குக் கதைக்கும் தூரத்துக்குப் போயே ஆக வேண்டும், அங்கே போனபின் கதைக்காமல் இருக்க முடியாது.

எடுத்த படத்தை உரியவருக்கு அவ்விடத்திலேயே காட்டுகிறேன். "ஓம், இது நான்தான்" என்று அவர் ஒத்துக்கொண்டு, வெளியிடவும் சம்மதித்தால் மட்டுமே அதை உருவப்படங்களின் வரிசையில் சேர்க்கிறேன்.