பைத்தான் லேப் தேர்வில் டிகின்டர்: மாட்டிக்கொள்ளும் இடங்கள்

டிகின்டர் என்பது பைத்தானில் விண்டோ, பட்டன் எல்லாம் செய்யும் லைப்ரரி. கேள்வியில் கால்குலேட்டரோ வெப்பநிலை மாற்றியோ வந்தால் உடனே விண்டோ வரைய உட்காராதீர்கள். கணக்குப் போடும் ஃபங்ஷனை மட்டும் முதலில் எழுதி டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். 100 டிகிரி செல்சியஸ் கொடுத்தால் 212 ஃபாரன்ஹீட் வரவேண்டும். அது வந்த பிறகு பட்டன், பெட்டி எல்லாம்.

நேரத்தை அதிகம் தின்பது டைப் செய்யும் என்ட்ரி பெட்டிதான். பெட்டியை உருவாக்கும் வரியிலேயே, அதை விண்டோவில் கட்டம் பார்த்து வைக்கும் கிரிட்டையும் ஒட்டி, மொத்தத்தையும் ஒரு வேரியபிளில் போட்டுவிடுவார்கள். கிரிட் எதையும் திருப்பித் தராது. ஆகவே வேரியபிளில் இருப்பது பெட்டி அல்ல, வெறும் 'நன்' (None), அதாவது ஒன்றுமில்லை. விண்டோ அழகாகவே தெரியும். பட்டனை அழுத்தி, கெட் போட்டு வாசிக்கும்போதுதான் அட்ரிபியூட் எரர் வரும். எரர் காட்டும் வரியில் தப்பே இருக்காது, அதையே முறைத்துக்கொண்டிருப்போம். உருவாக்குவது ஒரு வரி, கிரிட் அடுத்த வரி என்று பழகிவிடுங்கள். கெட் தருவது எப்போதும் ஸ்ட்ரிங். ஃப்ளோட்டாக மாற்றுவதை ட்ரைக்குள் வையுங்கள், காலிப் பெட்டிக்கு வேல்யூ எரர் வரும். அதைச் சொல்ல மெசேஜ்பாக்ஸ் வேண்டுமானால் தனியாக இம்போர்ட் செய்யவேண்டும், நட்சத்திரம் போட்ட இம்போர்ட்டில் அது வராது.

பட்டனின் கமாண்டில் ஃபங்ஷன் பெயர் மட்டும். அடைப்புக்குறி போட்டால் பட்டன் உருவாகும் முன்பே ஃபங்ஷன் ஓடிவிடும், பிறகு அழுத்தினால் ஒன்றும் நடக்காது. 0 முதல் 9 வரை ஃபார் லூப்பில் லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) வைத்துப் பட்டன் செய்தால் எதை அழுத்தினாலும் 9 வருவதும் உண்டு. லாம்டா வேரியபிளைப் பார்ப்பது அழுத்தும் நேரத்தில்தான். அதற்குள் லூப் 9-ல் நின்றுவிட்டது. லாம்டாவுக்கு எண்=எண் என்று டீஃபால்ட் கொடுத்தால் தீர்ந்தது.

கடிகாரம் கேட்டால் ஸ்லீப் வேண்டாம். விண்டோவை ஓட்டிக்கொண்டிருக்கும் மெயின்லூப் நின்று விண்டோ உறைந்துபோகும். சொன்ன நேரம் கழித்து ஃபங்ஷனை ஓட்டும் ஆஃப்டரில் 1000 மில்லிசெகண்டும் ஃபங்ஷன் பெயரும் கொடுங்கள். இங்கேயும் அடைப்புக்குறி போட்டால் தன்னையே அழைத்து அழைத்து ரிகர்ஷன் எரரில் விழும்.

கிரிட் போலவே பேக்கும் இடம் வைக்கும் ஒரு வழி; ஒரே ஃபிரேமில் இரண்டும் சேர்ந்தால் டிசிஎல் எரர். படிவத்துக்கு கிரிட் போதும்.

ஃபைலுக்கு டிகின்டர் என்றே பெயர் வைக்காதீர்கள், இம்போர்ட் அதையே எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் டிகின்டர் தனி பேக்கேஜ் என்பதால் லேப் கணினியில் இல்லாமலும் போகலாம். டெர்மினலில் பைத்தான்3 என அடித்து, ஹைஃபன் எம், டிகின்டர் என்று சேர்த்து (python3 -m tkinter) ஓட்டினால் ஒரு குட்டி விண்டோ வரவேண்டும். வராவிட்டால் கேள்வித்தாள் கைக்கு வரும் முன்பே இடம் மாற்றிக் கேளுங்கள்.