லிஸ்பனில் ஒரு சாவி

அக்டோபர் 13, 2024, ஞாயிறு

அல்ஃபாமா பகுதியில் மூன்றாவது மாடி அறை. லிஃப்ட் கிடையாது. பெட்டியோடு ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஆனால் ஜன்னலைத் திறந்ததும் ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் தேஜோ ஆறு, கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. ஜன்னல் என்பதே இவர்களின் போர்த்துகீசிய மொழியின் ‘ஜனேலா’தான். அந்தச் சொல் புறப்பட்டு வந்த ஊரில், ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சந்தோஷமாக இருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

ஓடு அருங்காட்சியகத்துக்குப் போனேன், சுவரில் பதிக்கும் வண்ண ஓடுகளைப் பார்க்க. திங்கட்கிழமை விடுமுறையாம். திரும்பும் வழியில் தூறல். சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பதித்த நடைபாதை, நனைந்தால் பாசி மாதிரி வழுக்குகிறது. முழங்காலில் சிராய்ப்பு.

அக்டோபர் 15, செவ்வாய்

மோசமான நாள். 28ஆம் எண் டிராமில் நிற்க இடமில்லை. இறங்கிப் பார்த்தால் தோள்பையின் ஜிப் திறந்திருக்கிறது. பர்ஸ் போயிற்று, அறைச் சாவியும் அதிலேயே. பாஸ்போர்ட் அறையில் இருந்ததால் தப்பித்தது. போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து பூட்டிய கதவின் முன் நின்றபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கீழ்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பதற்றத்தில் என் வாயில் தமிழ்தான் வந்தது: “சாவி… சாவி!” அவர் முகம் மலர்ந்தது. “ஷாவ்?” என்று விரல்களைத் திருகிக் காட்டினார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். மாற்றுச் சாவி வரும்வரை தன் சமையலறையில் உட்கார வைத்து, கீரையை நூல் நூலாக நறுக்கிப் போட்ட உருளைக்கிழங்கு சூப் கொடுத்தார். இரண்டு கிண்ணம் குடித்தேன்.

அக்டோபர் 16, புதன்

கார்மோ மடாலயம். 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். காலைப் பூசை நேரத்தில் பூமி அதிர்ந்தது. ஏற்றி வைத்திருந்த மெழுகுவத்திகளால் நெருப்பு, அப்புறம் ஆற்றோடு ஏறி வந்த ஆழிப்பேரலை. கோயில் நடுக்கூடத்துக்கு அதன்பின் கூரை போடவேயில்லை. கல்வளைவுகளுக்கு இடையே வானம்தான். ரொம்ப நேரம் நின்றேன்.

மதியம் ஓடு அருங்காட்சியகம். நிலநடுக்கத்துக்கு முந்தைய லிஸ்பனை நீல ஓடுகளில் வரைந்திருக்கிறார்கள். நீளம் கிட்டத்தட்ட 23 மீட்டர். ஆற்றங்கரை அரண்மனை அதில் முழுசாக நிற்கிறது. நேற்று அந்த இடத்தை நான் வெறும் சதுக்கமாகத்தான் கடந்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

1554இல் ரோமன் எழுத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது இதே ஊரில்தான். கிளம்பும்போது சாவியைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு, “சாவி” என்றார், கடைசி ‘வி’யை நீட்டி.