சரக்கு வழியில் உடைந்தால் யாருக்கு நட்டம்?

ஜெர்மன் விற்பனை ஒப்பந்தங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர்கள், விலை பற்றிய பிரிவுகளை எளிதில் கடந்துவிடலாம். சரக்கை ஒப்படைப்பது பற்றிய பிரிவில்தான் வேகம் குறையும். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால், ஒப்பந்தத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று நிற்கிறது.

'ஃப்ரை ஹவுஸ்' ('வீடுவரை இலவசம்') என்பதையே எடுத்துக்கொள்வோம். வாங்குபவரின் வாசல்வரை போக்குவரத்துச் செலவு விற்பவருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் லாரி கவிழ்ந்து இயந்திரம் நொறுங்கினால் நட்டம் யாருக்கு? ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பின் 447ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் கேட்டு வேறோர் இடத்துக்கு அனுப்பப்படும் சரக்கின் இடர், அது போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதுமே வாங்குபவரைச் சேர்ந்துவிடுகிறது. நுகர்வோர் கொள்முதலில் மட்டும் இவ்விதி பெரும்பாலும் பொருந்தாது. 'ஃப்ரை ஹவுஸ்' என்ற இரண்டு சொற்கள் இந்த விதியையும் மாற்றுகின்றனவா, செலவை மட்டும் குறிக்கின்றனவா என்பது அந்தந்த ஒப்பந்தத்தைப் பொறுத்து முடிவாக வேண்டியது. இதற்குப் பதிலாக, பன்னாட்டு வணிகச் சொற்களின் தொகுப்பான இன்கோடெர்ம்ஸின் 'டி.டி.பி.'யை ('டெலிவர்டு டியூட்டி பெய்டு') போடுவதை நான் ஏற்பதில்லை. இறக்குமதி வரியையும் அது விற்பவர் தலையில் கட்டிவிடும், மூலத்தில் அப்படி ஒரு பேச்சே இல்லை. 'டெலிவர்டு ஃப்ரீ டு பையர்ஸ் பிரமிசஸ்' என்று எழுதி, இடர் பற்றிய ஐயத்தைத் தனிக் குறிப்பாக வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பதே முறை. மூலம் திறந்து வைத்த கதவை மூட நமக்கு உரிமையில்லை.

வணிகச் சட்டத் தொகுப்பின் 377ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. வணிகர் ஒருவர் வந்திறங்கிய பம்புகளைத் தாமதமின்றிச் சோதித்து, குறை தெரிந்தால் உடன் அறிவிக்க வேண்டும். பெட்டிகளைப் பிரிக்காமல் கிடங்கில் போட்டுவைத்தால், பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய விரிசலோடு சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படுவார். இங்கு வரும் 'உன்ஃபெர்ட்சூக்லிஷ்' என்ற சொல்லுக்கு, தன் தவறால் ஏற்படும் தாமதம் இல்லாமல் என்று குடிமைச் சட்டத் தொகுப்பே பொருள் சொல்கிறது. 'இமீடியட்லி' அதைவிட இறுக்கமானது. 'வித்தவுட் அன்டியூ டிலே' பொருந்தும்.

'செல்ப்ஸ்ட்பெலீஃபெருங்' சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. தனக்குச் சரக்குத் தருபவர் கைவிட்டால் தானும் தர வேண்டியதில்லை என்று விற்பவர் வைத்துக்கொள்ளும் பாதுகாப்பு அது. ஆங்கிலத்தில் விரித்தே எழுத வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பு, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற கடைசிப் பிரிவை முதலில் படித்துவிடுவேன். சர்வதேசச் சரக்கு விற்பனை பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1991 முதல் ஜெர்மனியில் நடைமுறையில் உள்ளது. இந்தியாவும் பிரிட்டனும் அதில் சேரவில்லை என்றாலும், அந்நாட்டு நிறுவனங்களுடனான ஒப்பந்தத்தில் 'ஜெர்மன் சட்டம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அவ்வுடன்படிக்கையும் உள்ளே வந்துவிடும். அப்போது 377ஆம் பிரிவின் இடத்தில், நியாயமான காலத்துக்குள், அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்குள் குறையை அறிவிக்க வேண்டும் என்ற உடன்படிக்கையின் விதி வந்து நிற்கும்.