லுணுகலையில் மழைமானியோடு ஓர் இரவு

நேற்றிரவுதான் மட்டக்களப்புக் கல்லடிக்குத் திரும்பினேன். சப்பாத்தில் இன்னும் லுணுகலைச் சேறு ஒட்டியிருக்கிறது. செலவுக் கணக்கு பிறகு. முதலில் பதுளை மலைக்கு ஏறிய அந்த பஸ்.

செங்கலடி, மகா ஓயா, பிபிலை வரை குறையில்லை. மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. லுணுகலைக்குச் சற்று முன்னால் பாதி வீதியை மண் மூடிக் கிடந்தது. சாரதி பஸ்ஸைச் சரிவுக்கு நேர் கீழேயே முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார். மேலிருந்து சிறு கற்கள் கூரையில் விழும் சத்தம் கேட்டது. "பின்னால் எடுங்கள்" என்று கத்தினோம், அவர் அசையவில்லை. மண் சரிந்த இடத்தில் அடுத்த சரிவும் வரும் என்பது மலைவீதியில் பஸ் ஓட்டுபவருக்குத் தெரியாதா? பதுளை வரை டிக்கெட் எடுத்திருந்தும் லுணுகலையிலேயே இறங்க வேண்டியதாயிற்று, மீதிப் பணமும் தரவில்லை. நண்பனின் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீற்றர் போக ஓட்டோவுக்கு 1,500 ரூபாய். எல்லவில் தங்க வைத்திருந்த காசு அதோடு கரைந்தது.

நண்பனின் அம்மா சுடச்சுடத் தேங்காய்ப்பூ ரொட்டியும், கண்ணில் நீர் வரவைக்கும் கட்டைச் சம்பலும், இஞ்சித் தேத்தண்ணீரும் தந்தார். ஐந்து ரொட்டி சாப்பிட்டேன். இந்தப் பயணத்தில் அதற்கு இணையான சாப்பாடு வேறில்லை.

அவர்களின் லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் ஒரு கம்பத்தில் பிளாஸ்டிக் மழைமானி கட்டியிருந்தது. அதில் நண்பனின் மகள் மூன்று நிறத்தில் கோடு போட்டிருந்தாள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகள் அவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ உடனே வெளியேற வேண்டும். வீட்டின் பின்னே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் சுண்டுவிரல் நுழையும் வெடிப்பு. வெடிப்பு விரிந்தால் தெரியும்படி அதன் இருபுறமும் முளை அடித்து நூல் கட்டியிருந்தார் அம்மா. மாலையில் பார்த்தபோது நூல் தொய்ந்துதான் இருந்தது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதிலிருந்து மழை இரவுகளில் அவர் தூங்குவதில்லை. மூன்று மணிக்கு டோர்ச்சோடு வந்து எழுப்பினார். "தம்பி, 108. நூலும் விறைத்துவிட்டது. 150 வரும்வரை காத்திருக்க வேண்டாம்." அடையாள அட்டைகள், மருந்து, பிள்ளையின் புத்தகப்பை ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கோயில் மண்டபத்துக்கு ஏறிவிட்டோம்.

மட்டக்களப்பில் மழை என்றால் வெள்ளம். தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்த நேரம் இருக்கும். அந்தப் பழக்கத்தில் மலைக்குப் போகாதீர்கள். மழை விட்ட பிறகும் ஊறிய மண் இறங்கும். ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினால், மரம் சாய்ந்தால், நிலம் வெடித்தால் நிற்கவே வேண்டாம். மார்கழியில் பதுளைப் பக்கம் போகிறவர்கள் புறப்படும் முன் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இன்று காலை அம்மாவை அழைத்தேன். மழை விட்டு வெயில் அடிக்கிறதாம். வெடிப்பில் இப்போது இரண்டு விரல் நுழைகிறதாம். இன்னும் மண்டபத்தில்தான் இருக்கிறார்கள்.