பதினைந்து கோல்கள், கடைசி இருபது நிமிடங்கள்

ஏழு ஆட்டங்கள் விளையாடினோம். ஆறில் தோற்றோம், ஒன்றைச் சமன் செய்தோம். நாங்கள் அடித்த கோல்கள் 4, வாங்கியவை 23. 2008 டிசம்பரில் தொடங்கி 2009 பிப்ரவரி வரை நடந்த அந்த மாவட்டக் கால்பந்து லீக் பருவத்தில், சேலத்தில் நான் படித்த கல்லூரியின் கோல்கீப்பராக நின்று, அந்த 23 பந்துகளையும் வலையிலிருந்து எடுத்து நடுக்கோட்டை நோக்கி எறிந்தவன் நான். எங்கள் அணியைப் பற்றிக் கல்லூரியில் அன்று சொன்னதையேதான் இன்றும் பழைய மாணவர்கள் கூடும்போது சொல்கிறார்கள்: பையன்களுக்கு நெஞ்சுரம் கிடையாது, ஒரு கோல் விழுந்தால் உடைந்துபோவார்கள். அது உண்மையல்ல. அதைச் சொல்லத்தான் இத்தனை ஆண்டுகள் கழித்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் ஆட்டத்தில் 1–3 என்று தோற்ற அன்று மாலை, எங்கள் உடற்கல்வி இயக்குநர் என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். "யார் தப்புன்னு எழுதாதே தம்பி, எத்தனாவது நிமிஷம், எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னு மட்டும் எழுது," என்றார். அப்படியே எழுதினேன். எங்கள் பிரிவில் ஒரு பாதிக்கு 35 நிமிடம், மொத்தம் 70. பருவம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது, முதல் 50 நிமிடங்களில் நாங்கள் வாங்கியவை 8 கோல்கள்; கடைசி 20 நிமிடங்களில் மட்டும் 15. ஆறு தோல்விகளில் மூன்றில் இடைவேளையின்போது இரு அணிகளும் சமநிலையில்தான் இருந்தன. நெஞ்சுரம் இல்லாதவன் முதல் அடியிலேயே கலங்குவான். எங்கள் பையன்கள் முதல் கோலுக்குப் பிறகும் அரை மணி நேரம், சில நாள்களில் அதற்கு மேலும் தாக்குப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய கால்கள்தான் நின்றன.

ஏன் நின்றன என்பதற்கு விடை ஆடுகளத்துக்கு வெளியே இருந்தது. எங்கள் இடது தடுப்பாட்டக்காரன் ஏற்காட்டுக்கு மேலே நாகலூரைச் சேர்ந்தவன். அவன் தாயார் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்தார். சேர்வராயன் மலையில் நவம்பரிலிருந்து ஜனவரி வரை அராபிகா பழம் சிவக்கும் காலம். பழுத்ததை மட்டும் கையால் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும், சரிவில் கால் ஊன்றி நின்று பறிக்க வேண்டும், பிறகு மூட்டையைத் தோளில் தூக்கி எடை போடும் இடம் வரை சுமக்க வேண்டும். கூலி எடைக்கு ஏற்றபடி என்பதால், ஒரு வீட்டில் எத்தனை கைகள் பறிக்கின்றனவோ அத்தனை வருமானம். ஆகவே வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவன் மலையேறிவிடுவான். சனிக்கிழமை முழுவதும் பறிப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் இரண்டு மூன்று மணி நேரம் பறித்துவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் நின்றபடியே இறங்கி, மூன்றரை மணி ஆட்டத்துக்கு வந்து சேர்வான். மதியச் சோறு பெரும்பாலும் பேருந்து நிலையத்தில் இரண்டு வடையும் ஒரு தேநீரும்தான். அவன் பக்கத்திலிருந்து வந்த கோல்கள் ஒன்பது என்று நோட்டில் இருக்கிறது. அவற்றில் ஏழு கடைசி இருபது நிமிடங்களில் வந்தவை.

முன்களத்தில் ஆடியவன் சிவதாபுரத்துக்காரன். அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு வெள்ளிக் கொலுசு வேலை உண்டு என்பது சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவன் இரவு பதினொன்று, பன்னிரண்டு மணி வரை பட்டறையில் குனிந்து உட்கார்ந்து, கண்ணி கண்ணியாகப் பற்றவைத்துவிட்டு, காலை ஆறு மணிப் பயிற்சிக்கு மிதிவண்டியில் வருவான். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. முதல் பாதியில் அவனைப் பிடிக்க எதிரணியில் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். இரண்டாம் பாதியில் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எங்கள் நான்கு கோல்களில் மூன்று அவனுடையவை, மூன்றும் இடைவேளைக்கு முன்னால் அடித்தவை.

இந்தக் களைப்பு ஒரு கோல்கீப்பருக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். தடுப்பாட்டக்காரனுக்கு மூச்சு இருக்கும்போது பந்தை வாங்கித் திரும்புவான், பக்கவாட்டில் கொடுப்பான். மூச்சு போன பிறகு, திரும்பிப் பார்க்காமலே கீப்பருக்குத் தள்ளிவிடுவான். தன் அணி வீரர் வேண்டுமென்றே காலால் தள்ளிய பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்ற விதி 1992ஆம் ஆண்டு வந்தது. அதனால் அந்தப் பந்தை நானும் காலால்தான் வெளியேற்ற வேண்டும். எங்கள் பயிற்சி மைதானம் இறுகிப்போன செம்மண். மேடும் குழியுமாக இருந்த தரையில் பந்து கடைசி நொடியில் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் பாதியில் எனக்கு இப்படி ஒன்றிரண்டு பந்துகள் வரும் என்றால், கடைசிக் கால்மணி நேரத்தில் எட்டு, பத்து என்று வரும். ஐந்தாவது ஆட்டத்தில் அப்படி வந்த ஒரு பந்து துள்ளி என்னைத் தாண்டப் பார்த்தபோது, பதற்றத்தில் கையால் பிடித்துவிட்டேன். கோலுக்கு மிக அருகில் மறைமுக ஃப்ரீ கிக் கொடுக்கப்பட்டு, அதுவே கோலானது. அன்று 0–5. அந்த ஐந்தில் ஒன்று முழுக்க முழுக்க என் பிழை, அதை வேறு யார் களைப்பின் மீதும் நான் போட மாட்டேன்.

நான் சொல்வது வெறும் பரிவல்ல என்பதற்கு 2009 ஜனவரி 18ஆம் தேதி ஆட்டமே சான்று. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அது. அந்த வாரம் பட்டறைகள் மூடிக் கிடந்தன, தோட்டத்திலும் விடுமுறை. நாகலூர்க்காரன் சனிக்கிழமை மாலையே கீழே இறங்கி எங்கள் விடுதியில் தங்கினான். இரவு ஒன்பது மணிக்குப் படுத்தவன் காலை ஏழு வரை அசையவில்லை. மதியம் விடுதிச் சமையல்காரர் எல்லோருக்கும் வயிறு நிறையச் சோறும் ஆளுக்கு இரண்டு முட்டையும் வைத்தார். எதிரே நின்றது அந்தப் பருவத்தின் வலுவான அணிகளுள் ஒன்று. முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம், ஒன்று திருப்பினோம். பிறகு கடைசி இருபது நிமிடமும் வந்தது. நான் வழக்கம்போல் பயந்துகொண்டே காத்திருந்தேன். எனக்குத் திருப்பித் தள்ளப்பட்ட பந்துகள் மூன்றே மூன்று. 1–1. அதே பதினொரு பேர், அதே மைதானம், அதே கிழிந்த பூட்ஸ்.

ஓடுபவனின் தசையில் கிளைகோஜன் என்ற சேமிப்பு இருக்கிறது. உண்ட சோற்றிலிருந்து உருவாவது அது. கடும் உழைப்பில் கரையும், போதிய உணவும் ஓய்வும் கிடைத்தால் திரும்ப நிறையும். சனிக்கிழமை மூட்டை சுமந்து அதைக் கரைத்துவிட்டு, ஞாயிறு மதியம் வடையோடு களமிறங்குபவனுக்கு ஐம்பதாவது நிமிடத்தில் கால் நடுங்குவது இயற்கை. இதை நான் பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் சாருக்கு அன்றே தெரிந்திருந்தது. தன் கைக்காசில் சுண்டலும் வாழைப்பழமும் வாங்கி வருவார்.

ஆறாவது ஆட்டத்தையும் 1–4 என்று தோற்றுத் திரும்பியபோது, 1948 லண்டன் ஒலிம்பிக்கைப் பற்றி அவர் சொன்னார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் அது. ஜூலை 31 அன்று பிரான்சுக்கு எதிராகப் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டிகள் வீணாயின. எழுபதாவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் சமனுக்கு வந்து, 89ஆவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கி 1–2 என்று தோற்றார்கள். "அவங்களை யாராச்சும் கோழைன்னு சொன்னாங்களாடா?" என்று கேட்டுவிட்டு, அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின்னிருக்கையில் நாகலூர்க்காரன் கணுக்காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பருவம் முடிந்ததும் சார் எங்கள் நோட்டை வைத்துக் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். விளையாட்டு நாள்களில் வெளியூர் மாணவர்களுக்கு விடுதியில் ஓர் இரவுத் தங்கலும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுங்கள், முடிந்தவரை ஆட்டங்களை விடுமுறைக் காலத்தில் கேட்டு வாங்குவோம் என்பவை மட்டுமே அவர் கேட்டவை. ஒரு பருவத்துக்கு ஏழு இரவுகள், ஏழு வேளைச் சோறு. அணி தோற்றுக்கொண்டே இருக்கும்போது செலவு எதற்கு என்று பதில் வந்தது. கையில் கணக்கு இருக்கும்போது நெஞ்சுரத்தைப் பற்றிப் பேசியது எனக்கு இன்றும் ஆறாத கோபம். பதினைந்து கோல்களுக்கும் நிமிடம் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை அவர்கள் புரட்டிப் பார்க்கவே இல்லை.

கடைசி ஆட்டத்தில் 0–2 என்று தோற்றோம். அறுபதாவது நிமிடம் வரை கோல் இல்லை. அறுபத்து மூன்றிலும் அறுபத்தெட்டிலும் விழுந்தன. ஆட்டம் முடிந்து நாகலூர்க்காரனும் நானும் அஸ்தம்பட்டியில் நின்று ஏற்காட்டுப் பேருந்துக்குக் காத்திருந்தோம். அரை மணி நேரம் இருவரும் பேசவில்லை. பேருந்து வந்ததும், "கீப்பரு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா," என்று சொல்லி, என் தோளைப் பிடித்து ஊன்றிக்கொண்டு படியேறினான். அடுத்த ஆண்டு கல்லூரி லீக்கில் பெயர் கொடுக்கவில்லை. அவன் தன் இறுதியாண்டை ஓர் ஆட்டம்கூட ஆடாமல் முடித்தான்.