முரசு கரைந்த பல்லுக்கு ஒப்பரேசன்: எது யாருக்கு, எங்கே பிழைக்கும்

"ஒப்பரேசன்" என்ற ஒரு சொல்லால் ஒரு முழுநாள் வீணாய்ப் போனது. எனக்கு மேல் வேட்டைப் பல்லில் (கோரைப்பல்) முரசு, அதாவது ஈறு, 4 மில்லிமீற்றர் கரைந்து வேர் தெரிந்தது. கீழ் முன்பல் ஒன்றிலும் அதே பாடு. கடிதத்தில் "முரசு ஒப்பரேசனுக்கு" என்று மட்டும் இருந்ததால் துண்டு எழுதியவர் வாய், முகச் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு நம்பர் தந்துவிட்டார். விடியப்புறம் நெல்லியடியில் பஸ் ஏறி, மத்தியானம் வரை வாங்கில் காத்திருந்து உள்ளே போனால், "இது எங்கட வேலை இல்லை." அங்கே பார்ப்பது தாடை முறிவு, கட்டி, புதைந்த ஞானப்பல். முரசு ஒட்டுகிற வேலை, பல்லையும் முரசையும் சீராக்கும் ரெஸ்ரொரேற்றிவ் டென்ரிஸ்ரி விசேட வைத்தியருடையது. கடிதத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டால் வெளிக்கிடுங்கள்.

இரண்டாவது பயணமும் பாதிதான் பலித்தது. கையில் இருந்தது முழுத்தாடை எக்ஸ்ரே. கேட்டதோ அந்தப் பல்லின் சின்ன எக்ஸ்ரே. பல்லுக் கல்லும் எடுத்திருக்கவில்லை. கல்லு எடுத்து, மெதுவான பிரஷ்ஷால் சரியாகத் தீட்டப் பழகும்வரை யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். வைக்கவும் கூடாது: அரக்கித் தீட்டிக் கரைந்த முரசை ஒட்டிவிட்டு அதே கையால் அதே மாதிரித் தீட்டினால் திரும்பக் கரையும்.

எந்த ஒப்பரேசன் நல்லது என்று கேட்க முதல், பல்லிடையில் எலும்பும் முரசின் பிடிப்பும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கேளுங்கள். முரசு கரைந்ததைப் பிரித்துப் பார்க்க கைரோ என்ற ஆய்வாளர் 2011இல் தந்த வகைப்படுத்தலில் மூன்று படி. பல்லிடையில் இழப்பு இல்லாவிட்டால் முதல் வகை. வேர் முழுதாக மூடுப்பட நல்ல வாய்ப்பு. பல்லிடையிலும் இழப்பு உண்டு, ஆனால் முன்பக்க இழப்பை விடக் கூடவில்லை என்றால் இரண்டாம் வகை. முழுதும் மூடலாம், பாதியோடும் நிற்கலாம். பல்லிடை இழப்புக் கூடினால் மூன்றாம் வகை. அதில் முழுதாக மூடித் தருவோம் என்று ஒரு தனியார் இடத்தில் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

முரசு தடிப்பாக இருந்தால் அதையே வெட்டித் தளர்த்தி, வேரை மூட இழுத்துத் தைத்துவிடலாம். வெட்டும் இடம் ஒன்றுதான், நோவும் குறைவு. ஆனால் 0.8 மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்பில் இது அடிக்கடி பிழைக்கும். பல்லுக்கும் முரசுக்கும் இடையில் வைத்தியர் விடும் அளவுக் கம்பி வெளியே நிழலாகத் தெரிந்தால் மெல்லிய முரசு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அண்ணத்தின் உட்தசையில் ஒரு மில்லிமீற்றர், ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பில் துண்டெடுத்து, இழுத்த முரசுக்கு அடியில் வைத்துத் தைப்பார்கள். நீண்டகாலம் நிலைப்பதில் மற்றவற்றை ஒப்பிட இதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். மேல் வேட்டைப் பல்லுக்குச் செய்ததும் இதுதான்.

கீழ் முன்பல்லுக்கு வேறு. அங்கே உதட்டு நார் முரசை இழுத்துக்கொண்டிருக்கும், கெட்டியான முரசும் சொற்பம். மேல்தோலோடு அண்ணத்துண்டை எடுத்து ஒட்டுவார்கள். சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்ட மாதிரி வெளிறின நிறத்தில் தெரியும். சிரிக்கும்போது தெரியாத இடம் என்பதால் பரவாயில்லை. வேரை மூடுவதை விட முரசைப் பலப்படுத்துவதே இதன் நோக்கம்.

அண்ணத்தில் கை வைக்காத வழிகளும் உண்டு. 2012இல் பல் வைத்தியர் ஜோன் சாவோ வெளியிட்ட ஊசித்துளை முறையில் 2 முதல் 3 மில்லிமீற்றர் துளையால் முரசைத் தளர்த்தி இறக்கி, கொலாஜன் என்ற புரதத் துண்டுகளைச் செருகுவார்கள். ஒரே நாளில் பல பல்லுக்குச் செய்யலாம். நீண்டகால ஆதாரம் அண்ணத்துண்டுக்கு இருக்கிற அளவுக்கு இல்லை. இன்னொன்று, கேட்டால்தான் சொல்வார்கள்: மியூக்கோகிராப்ற் என்ற கொலாஜனும் எம்டோகெயின் ஜெல்லும் பன்றியிலிருந்து எடுப்பவை, அலோடேர்ம் இறந்த மனிதரின் தோல். சைவக்காரரும் முஸ்லிம்களும் கையொப்பம் வைக்க முதல் கேட்டுவிடுவது நல்லது.

கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகாமல் போகவேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், வோர்பரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது. சீனி வருத்தக்காரர் அண்மைய எச்பிஏ1சி (இரண்டு, மூன்று மாதச் சீனிச் சராசரி) றிப்போட்டை வைத்திருங்கள். இதய வால்வு மாற்றியவர் அதை முதலே சொல்லவேண்டும். சிகரெட், வெத்திலை பாக்கு இரண்டும் ஒட்டின தசைக்குச் சத்துரு.

ஒப்பரேசன் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. விறைப்பு ஊசியில் அண்ணத்து ஊசிதான் சுள்ளென்றது.

நோவு முரசில் இல்லை, அண்ணத்தில்தான். இரத்தம் கசிந்தால் நனைத்த கோஸ் துணியை 20 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிமிடத்துக்கொரு தரம் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிரிந்துவிடும். துப்பவேண்டாம், இளநி குடித்தாலும் குழாய் வேண்டாம். முதல் வாரம் ஆறின சோறு, குழைத்த இடியப்பம், உறைப்பில்லாச் சொதி. முறுக்கு, அப்பளம் பக்கமே போகாதீர்கள். அந்தப் பல்லில் இரண்டு, மூன்று வாரம் பிரஷ் படக்கூடாது. பதிலுக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்கொப்பளிப்பு, காலையும் இரவும் ஒரு நிமிடம். மற்றப் பல்லுக்குப் பற்பசை போட்டு அரை மணித்தியாலம் கழித்துக் கொப்பளியுங்கள், இல்லாவிட்டால் மருந்து வேலை செய்யாது. பிளேன்ரீயோடு சேர்ந்து பல் மண்ணிறமாகும்; பிறகு சுத்தம் செய்யலாம்.

பெரிய பிழை உதட்டைத் தூக்கிப் பார்ப்பது. முதல் நாட்களில் துண்டுக்குள் இரத்தக் குழாய் இன்னும் ஓடவில்லை, ஓர் இழுப்பில் அசைந்துவிடும். கீழ்ப்பல்லில் ஒட்டின துண்டு வெள்ளையாகி மேல்தோல் உரிந்தபோது அழுகிவிட்டது என்று பதறி இன்னொரு தரமும் பஸ் ஏறினது வீண். அது அப்படித்தான் உரியும். கெட்ட மணமோ சீழோ காய்ச்சலோ வந்தால் ஓடுங்கள்.

14ஆம் நாள் தையல் வெட்டினார்கள். ஆறு மாதத்தில் அளந்தபோது வேட்டைப் பல்லில் 3.5 மில்லிமீற்றர் மூடுப்பட்டிருந்தது. அரை மில்லிமீற்றர் வேர் இன்னும் தெரிகிறது, ஐஸ்கிறீமுக்குக் கூசவில்லை.