கரண்ட் வைத்தால் மட்டும் மூட்டுவலி போகாது

மூட்டுவலிக்குப் பிசியோதெரபி என்று போகிறவர்கள் பணம் கட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்: "எனக்கு என்ன பயிற்சி சொல்லித் தருவீங்க?" பதிலுக்கு மெஷின் பெயராக அடுக்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பட்டவள் சொல்கிறேன்.

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை எனக்கு. நாள் முழுக்க நிற்க வேண்டும். முதலில் படி இறங்கும்போதுதான் வலது முட்டி பிடித்தது. போகப் போக உட்கார்ந்து எழுந்தாலே வலி. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் கால் மடங்காது, நடக்க நடக்கச் சரியாகும். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, தேய்மானம் மாதிரி தெரிகிறது, எக்ஸ்ரே எடுத்து வாங்க என்றார்.

அங்கேதான் முதல் அலைச்சல். படுக்க வைத்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் ஃபிலிமைத் தூக்கிப் பார்த்த கையோடு, "நின்னு எடுத்திருக்கணுமேம்மா" என்றார். உடம்புப் பாரம் காலில் இறங்கினால்தான் இரண்டு எலும்புக்கும் நடுவில் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். அவர் கொடுத்த சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. எடுத்த இடத்தில் போய்க் காட்டினால், "எல்லாருக்கும் இப்படித்தான் எடுக்கிறோம்" என்கிறார்கள். திரும்பப் பணம் கட்டித்தான் எடுத்தேன். அரைநாள் சம்பளமும் போனது. மேஜையில் ஏறிப் படுக்கும் முன் சீட்டை ஒரு தடவை அவர்கள் கண்ணில் காட்டிவிடுங்கள்.

தேய்மானம் ஆரம்பக் கட்டம்தான், ஆபரேஷன் எல்லாம் வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார் டாக்டர். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சென்டர். பேக்கேஜ் என்று மொத்தப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். போனதும் படுக்க வைத்து, முட்டியைச் சுற்றி நாலு பேடு ஒட்டி, கரண்ட் வைத்துவிட்டு அந்தப் பொண்ணு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். மெஷின் கத்தியதும் கழற்றிவிட்டு, "நாளைக்கு வாங்கக்கா." வெளியே வரும்போது லேசாகத்தான் இருக்கும். ராத்திரி கடை அடைக்கும் நேரத்துக்கு வலி பழையபடி வந்து நிற்கும். பயிற்சி எதுவும் இல்லையா என்று கேட்டால், "முதல்ல வலி குறையட்டும்க்கா" என்பார்கள். கடைசிவரை சொல்லித் தரவே இல்லை. மீதி நாளுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ரசீதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த வரியில் விரலை வைத்தார். இன்னும் ஆறவில்லை எனக்கு.

கரண்ட் வைப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு வலியை அமர்த்தும். ஆனால் தொடைச் சதைக்கு அது பலம் கொடுக்காது. கூட வேலை பார்க்கிற அக்கா சொல்லிப் போன இரண்டாவது இடத்தில்தான் இது புரிந்தது. அங்கே இருந்த பொண்ணு மெஷின் பக்கமே போகவில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னது, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னது. பிறகு டேப்பை எடுத்து, முட்டிச் சிப்பிக்கு மேலே ஒரே உயரத்தில் இரண்டு தொடையையும் சுற்றி அளந்தது. வலது தொடை இளைத்திருந்தது. வலிக்குப் பயந்து அந்தக் காலுக்கு வேலை கொடுக்காமல் இருந்ததில் சதை கரைந்திருக்கிறது. "இந்தச் சதைதான்க்கா பாரத்தைத் தாங்கணும். இது இளைச்சுப் போனா எல்லாம் மூட்டு மேலயே இறங்கும். தேஞ்ச குருத்தெலும்பு பழையபடி வளராது, ஆனா வலியைக் குறைக்கலாம்" என்றது. இப்படி நேராகச் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

பிறகு பயிற்சி சொல்லித் தந்தது. முதலில் காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தியபடி பத்து எண்ண வேண்டும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆறு எண்ணுவதற்குள் தொடை வெடவெடவென்று நடுங்கிவிட்டது. பிறகு மல்லாந்து படுத்துக் காலை மடக்காமல் தூக்குவது, அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் வலி அதிகமாக நின்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ராத்திரி முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கக் கூடாது என்றும் சொன்னது. சுகமாக இருக்கும், ஆனால் நாளடைவில் கால் முழுசாக நீளாமல் போய்விடுமாம். முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் பயிற்சியை விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இடையிடையே உட்கார வேண்டும் என்று அந்த இரண்டாவது இடத்துப் பொண்ணு எழுதிக் கொடுத்த சீட்டைக் கடையில் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதையும் வாய்விட்டுச் சொன்னேன். மறுவாரம் எங்கள் பிரிவுக்கு ஸ்டூல் வந்தது. நான் மட்டுமா, எல்லாரும் மாற்றி மாற்றி உட்காருகிறோம்.

இப்போது டவுன் பஸ்ஸில் கம்பியை இழுத்துப் பிடிக்காமல் ஏறுகிறேன். உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிற என் பெரியம்மாவால் பஸ் ஏறி வர முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி பார்க்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வலிக்கிற கால் பக்கமே கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்தது பெரியம்மா. அதை மறு கைக்கு மாற்றச் சொன்னேன். அப்படிப் பிடித்தால்தான் வலிக்கிற மூட்டில் பாரம் குறையும்.